கறி வாசனை அடிக்கும் வாட்ச்

கடலைப் படைத்து, அதற்குள் இறங்கி ஏற நமக்கு மூச்சையும் கொடுத்தவனின் பெயரால் தொடங்குகிறேன்.

மெர்சிங் படகுத்துறையில் இந்தப் பருவத்துக்குப் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, போன வாரம் நான் நம் முக்குளிப்புக் கடைப்பக்கம் வந்திருந்தேன். உங்களில் ஒருவர் வாடகை வாட்ச் ஒன்றை மூக்கருகில் கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். ரப்பர் பட்டையில் மீன் கறி வாசனை. இதைக் கட்டிக்கொண்டு சாப்பிடுகிற ஆள் யார் என்று கேட்டார். நம் படகில் எல்லாரும்தான் என்றேன். அந்தச் சட்டத்தை வைத்தவனே நான்தான் என்றும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்பதற்குள் வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். பதில் பாக்கி நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதிலேயே, பள்ளியை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகும் விஷயத்தில் பிழை இருக்காது.

நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளில் மூன்று முறை முக்குளிக்க ஆசைப்படுவார்கள். ஆசையில் தப்பில்லை. காலையில் ஆழமான இடம், அடுத்தது அதைவிட ஆழம் குறைந்த இடம், சாப்பிட்டு நன்றாக ஓய்வெடுத்த பிறகு குளம் மாதிரி மேலோட்டமான ஒரு விரிகுடா. இந்த வரிசை உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆழத்தில் மூச்சு விட விட, காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்புக்குள் ஊறும். மேலே வந்த உடனே அது போய்விடாது; வேகமாக ஏறி வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழாகிவிடும். காலையில் ஊறியதில் மிச்சம் மதியமும் இருக்கும். கையில் கட்டும் அந்தக் கருவி இதைத்தான் கூட்டிக் கழித்து, அடுத்த தடவை எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்கிறது. அதன் சரியான பெயர் கம்ப்யூட்டர். நாம் எல்லாரும் வாட்ச் என்றுதான் சொல்கிறோம். அதற்கு ஆளைத் தெரியாது. எந்தக் கையில் இருந்து முங்கியதோ அந்தக் கையின் கணக்கு மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி குமரேசன் கதைக்கு வருகிறேன்.

குமரேசனுக்குச் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், தெப்ராவில் வீடு. தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. பேச்சுக்காரர். அவர் படகில் ஏறினால் என்ஜின் சத்தம் கேட்காது. அவர் மனைவி ஷாலினி பாலர் பள்ளி ஆசிரியை. தண்ணீர் என்றாலே பயந்தவர், கல்யாண நாளுக்குக் கணவரோடு கடலுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகவே பயிற்சி முடித்து லைசென்ஸ் எடுத்திருந்தார். கூட வந்தது குமரேசனின் வேலையிடத்து நண்பர் தேவாவும் தேவாவின் அண்ணனும். நான்கு பேரும் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பி, அரைத் தூக்கத்தோடு மெர்சிங் வந்து, விடிந்ததும் படகேறினார்கள். படகோட்டி பாக் மாட், நம்மோடு வெகுகாலம் இருந்த மலாய்க்காரர். முக்குளிப்புக்கு வழிகாட்டி நான்.

முதல் தடவை எல்லாம் அழகாக நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஷாலினியைப் போல அமைதியாக மூச்சு விட்ட புது ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆமை ஒன்று பக்கத்தில் வந்து திரும்பிப் போனது. மேலே வந்து முகமூடியைக் கழற்றியபோது அவர் கண்ணில் நீர். கடல் நீரா வேறா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் நங்கூரம் போட்டு ஓய்வெடுத்த நேரத்தில் படகு ஆடிய ஆட்டத்தில் அவருக்குக் குமட்டல் வந்துவிட்டது. காலையில் சாப்பிட்டதெல்லாம் கடலுக்குப் போனது. இரண்டாவது தடவை அவர் இறங்கவில்லை. படகிலேயே படுத்துக்கொண்டார். தேவாவும் அண்ணனும் ஒரு ஜோடி. குமரேசனின் ஜோடி படகில் படுத்திருந்ததால், அவரை அவர்களோடு மூன்றாவது ஆளாகச் சேர்த்துவிட்டேன். இதைக் கவனியுங்கள். ஜோடியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், உட்கார்ந்தவரைப் பற்றித்தான் நமக்குக் கவலை வரும். மிச்சமிருப்பவரைப் பற்றித்தான் வர வேண்டும். இரண்டு பேரோடு ஒட்டவைத்த மூன்றாவது ஆளை அந்த இருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது இடம் ஒரு பாறைச் சரிவு. மேல்பகுதியில் மட்டும் சுற்றிவிட்டு வருவதாகத் திட்டம். கீழே அது நீண்டுகொண்டே போகும், அந்தப் பக்கம் நமக்கு வேலையில்லை. நீரோட்டம் கொஞ்சம் இழுத்தது. நான் முன்னால் போனேன். திரும்பும் வழியில், ஏறுவதற்கு முன் எல்லாரும் நின்று காத்திருக்கும் இடத்தில் எண்ணிப் பார்த்தால் குமரேசனைக் காணோம். நான் கீழே திரும்பவும், அவர் கீழிருந்து நேராக, வேகமாக வந்துகொண்டிருந்தார். எங்களோடு சேர்ந்து நின்றார். படகில் ஏறியதும், முகமூடிக்குள் தண்ணீர் வந்துவிட்டது, அதைச் சரிசெய்யத்தான் தங்கிவிட்டேன் என்றார். நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

பாக் மாட் படகைக் காற்றில்லாத ஒரு விரிகுடாவுக்குக் கொண்டுபோனார். சாப்பாட்டு நேரம். படகுச் சாப்பாடு எப்போதும் என் வீட்டில் சமைத்துக் கொடுப்பதுதான். அன்றைக்கு மீன் கறியும் வெண்டைக்காய் பொரியலும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனர். அதிகம் பேச மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் விருந்தாளிகளோடு உட்காராதே, அவர்கள் கை தெரிகிற இடத்தில் உட்கார் என்று மட்டும் சொல்லியிருந்தார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படியே உட்கார்ந்து பழகிவிட்டேன்.

நம் படகில் வாட்ச்சை வலது கையில்தான் கட்டச் சொல்வோம், இடது கைக்கு எப்போதும் மிதவைச் சட்டையின் காற்றுப் பொத்தானில் வேலை இருப்பதால். வெள்ளைக்காரர்கள் வந்தால் முள்கரண்டியால் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், வாட்ச் அதன் பாட்டுக்கு மணிக்கட்டில் கிடக்கும். நம்மவர்கள் அப்படியா? கையைக் கழுவி, குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும். அதற்கு முன் வாட்ச்சைக் கழற்றுவார்கள். கழற்றியதை நல்லதண்ணீர் வாளியில் போடுவார்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே பட்டை, ஒரே கடையின் வாடகைச் சாமான். அன்றைக்கும் அப்படித்தான் வாளியில் நான்கும் கிடந்தன. படுத்திருந்த ஷாலினியின் வாட்ச்சையும் தேவா வாங்கி அதில் போட்டார், உப்பு போகட்டும் என்று.

காலையில் படகேறும்போது தேவாவின் அண்ணன் பையில் கரண்டி வைத்திருந்ததைப் பார்த்து, மாமியார் சீர் வரிசையில் வந்ததா என்று குமரேசன் கிண்டல் செய்தது எல்லாருக்கும் கேட்டிருந்தது. இப்போது அதே குமரேசன் அந்தக் கரண்டியைக் கடன் வாங்கி, இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது. சிப்பி கீறிவிட்டது, மிளகாய் பட்டால் எரியும் என்றார். பேச்சும் குறைந்துவிட்டது. ஷாலினி மறுகோடியில் கண்ணை மூடிப் படுத்திருந்ததால் அவர் எதையும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஷாலினி எழுந்து உட்கார்ந்தார். காற்றில்லாத இடமாக இருந்ததால் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. இஞ்சித் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். என்னிடம், அண்ணனைக் கூப்பிடுகிற முறையில், "நானா, இன்னும் ஒரு தடவையாவது நான் இறங்கணும். காலையில பார்த்தது கனவு மாதிரி இருக்கு" என்றார். இன்ஷா அல்லாஹ் என்றேன். அந்த விரிகுடாவில், வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும், ஆழமில்லாத இடத்தில் மெதுவாக ஒரு சுற்று. அதுதான் திட்டம்.

குமரேசன் குறுக்கே வந்தார். விரிகுடாவில் என்ன இருக்கிறது, மணல்தானே என்றார். காலையில் போன பாறைச் சரிவுக்கே திரும்பிப் போகலாம் என்றார். ஒரு தடவை சொன்னால் ஆசை என்று விட்டுவிடலாம். அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தேவாவும் அண்ணனும் அவர் பக்கம் சேர்ந்தார்கள்.

தம்பிகளே, திட்டத்தை விட்டு வேறு இடத்துக்குப் போக ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அந்த இடத்தில் அவருக்கு என்ன கிடக்கிறது என்று யோசியுங்கள். மீனுக்காக யாரும் அவ்வளவு வாதாட மாட்டார்கள்.

அடுத்த முக்குளிப்புக்கு முன் எல்லாரும் வாட்ச்சை எடுத்து, நீருக்குள் இருக்க அது அனுமதிக்கும் நேரத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். இது என் பழக்கம். வாளியிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக் கட்டினார்கள். தேவாவும் அண்ணனும் வாசித்தது ஏறக்குறைய ஒன்றுதான். குமரேசனுக்கு அவர்களைவிட எவ்வளவோ அதிகம். ஷாலினிக்கு எல்லாரையும்விடக் குறைவு.

"என்ன அண்ணி, வாந்தி எடுத்ததையும் சேர்த்து எண்ணிடுச்சா?" என்றார் தேவா. எல்லாரும் சிரித்தார்கள். ஷாலினியும் சிரித்தார்.

குமரேசன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஷாலினியிடமிருந்து வாட்ச்சை வாங்கிப் பழைய கணக்கைத் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்கு அது இரண்டு தடவை முங்கியிருந்தது. இரண்டாவது, முதலாவதைவிட ஆழம். நான் திட்டமிட்ட ஆழம் இல்லை, அந்தச் சரிவின் அடிப்பக்கம். அங்கிருந்து மேலே வந்த வேகமும் ஆகாத வேகம். படகில் படுத்திருந்த பெண்ணின் வாட்ச் அதுவாக இருக்க முடியாது. குமரேசனின் கையில் இருந்ததை வாங்கிப் பார்த்தேன். அது காலையில் ஒரே ஒரு தடவைதான் முங்கியிருந்தது.

"வாடகை வாட்ச்தானே நானா, கெட்டுப்போயிருக்கும்" என்றார் குமரேசன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு, சரி மாறிவிட்டது, மாற்றிக் கட்டிக்கொள்கிறேன், என்னுடையதிலும் கொஞ்சம் நேரம் காட்டுகிறதே, அது போதும், கிளம்பலாம் என்றார். தேவாவின் அண்ணன் பொறுமையிழந்துவிட்டார். "நானா, கணக்கெல்லாம் சரிதான். எங்களுக்கு ஒரு நாள்தான் லீவு லா" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். அந்த ஒரு நாளுக்காக எத்தனை ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று எனக்கும் தெரியும். வெயில் இருக்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது, டாங்க்கில் காற்று இருக்கிறது, நான்கு பேர் நம் முகத்தையே பார்க்கிறார்கள். இந்தத் தொழிலில் புயலைவிடக் கஷ்டமான நேரம் இதுதான். புயல் வந்தால் யாரும் நம்மிடம் காரணம் கேட்க மாட்டார்கள்.

நான் எழுந்தேன். லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. தொழுதுவிட்டு வருகிறேன், அதுவரை யாரும் டாங்க்கைத் தொடக் கூடாது என்றேன். படகின் பின்பக்கம் போய், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் உளூவைச் செய்தேன். அப்போதும் என் வாட்ச்சை நான் கழற்றவில்லை. பட்டையைத் தளர்த்தி முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் படவேண்டிய இடத்தில் பட்டதும் திரும்பக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டேன். அப்படிச் செய்தபோதுதான், கழற்றாமலே கையைக் கழுவலாம் என்பது உறைத்தது. அத்தனை வருடம் ஒரு நாளில் பலமுறை செய்த காரியம், மற்றவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

தொழுது முடித்து துஆ கேட்டேன். நல்ல மீன் காட்டு என்று கேட்கவில்லை. இந்த மனிதர் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி காட்டு என்று கேட்டேன்.

எழுந்ததும் குமரேசனை முன்பக்கத்துக்குக் கூப்பிட்டேன். நங்கூரக் கயிறு தளர்ந்திருக்கிறது, ஒரு கை கொடுங்கள் என்றேன். கயிறு நன்றாகத்தான் இருந்தது. அவர் வந்தார். கயிற்றை இடது கையால் பிடித்தார். இரண்டு கையாலும் பிடியுங்கள் என்றேன். வலது கையைக் கொண்டுவந்தார், இழுத்தார், முகம் சுருங்கியது.

"வலது கையில என்ன?"

"ஒன்னுமில்ல நானா. டாங்க் தூக்கினதுல முழங்கை கடுக்குது."

"எப்போதிலிருந்து?"

"மேல வந்ததிலிருந்து."

துண்டை அவிழ்த்தேன். கீறல் எதுவும் இல்லை. மோதிர விரலில் வெயில் படாத வெள்ளை வளையம் ஒன்று இருந்தது. மோதிரம் இல்லை.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"கல்யாண மோதிரம் நானா. தண்ணியில விரல் சுருங்கிடுச்சு போல. கண் முன்னாலேயே மினுக்கிக்கிட்டுக் கீழ போச்சு. இதோ பிடிச்சிடலாம், இதோ பிடிச்சிடலாம்னு நானும் போறேன், அதுவும் போகுது. மேல பார்த்தா நீங்க யாரும் இல்ல. பயந்துபோய் விறுவிறுன்னு வந்துட்டேன். எந்தக் கல்லுக்குப் பக்கத்துல விழுந்துச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஒரே ஒரு தடவை. நீங்களும் கூட வாங்க. அவளுக்குத் தெரியறதுக்குள்ள எடுத்துட்டு வந்துடலாம்."

வாட்ச் மாறியது தெரியுமா என்று கேட்டேன். எடுத்துக் கட்டும்போது தெரியவில்லை, நேரம் அவ்வளவு காட்டியபோது தெரிந்தது என்றார்.

"சாமியே ஒரு வழி விட்டிருக்கார்னு நெனச்சேன் நானா."

"கடவுள் வழி விடறதா இருந்தா உங்க வாட்ச்சிலேயே விட்டிருப்பான்" என்றேன். "இது உங்க சம்சாரத்தோட வாட்ச். அவங்க உடம்புக்கு அவன் கொடுத்தது. உங்களுக்கு இல்ல."

அவர் துண்டை எடுத்துத் திரும்பவும் கையில் சுற்றப் பார்த்தார்.

"உங்க மோதிரம் கல்லுக்குப் பக்கத்துல கிடக்கு. அது எங்கயும் போகாது. உங்க முழங்கையில நிக்கறது அப்படி இல்ல. அது காற்றுக் குமிழா இருந்தா, அடுத்து எங்க போய் அடைக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதுகுத்தண்டுல போய் நின்னா நீங்க எழுந்து நடக்க மாட்டீங்க. இப்ப படுங்க. நான் ஆக்சிஜன் எடுத்துட்டு வரேன்."

அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடுப்புத்தானே, ஆக்சிஜன் பெட்டியைத் திறந்தால் ஷாலினி பயந்துவிடுவாள், இனி அவள் தண்ணீர்ப் பக்கமே வர மாட்டாள் என்றார். பயப்படட்டும் என்றேன். வலி நிஜமாகவே டாங்க் தூக்கியதால் வந்ததாக இருக்கலாம். இருந்தால் என்ன? ஆக்சிஜன் வீணானதென்று யாரும் நம்மேல் வழக்குப் போடப் போவதில்லை. ஆழத்துக்குப் போய் வேகமாக ஏறி வந்தவர் மூட்டு வலி என்று சொன்னால், அது குமிழ் என்றே வைத்து நடக்க வேண்டும். இல்லை என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். நாம் இல்லை.

அவரைப் படுக்கவைத்து மாஸ்க்கைப் போட்டேன். பாக் மாட்டைப் பார்த்து, "பாலிக்" என்றேன். திரும்பலாம் என்று அர்த்தம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நங்கூரத்தை இழுத்தார், வயர்லெஸ்ஸில் கரைக்குச் சொன்னார், துறையில் ஆம்புலன்ஸ் நிற்கட்டும் என்றார். குமிழைக் கரைக்கும் அழுத்த அறை வைத்திருக்கும் மருத்துவமனை தூரம். முதலில் இந்தக் கடல், அதற்குப் பிறகு நீண்ட சாலை. இங்கே வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தூரத்தோடு சேரும் என்று எனக்குத் தெரியும்.

தேவா என்னிடம் வந்தார். கோபமாகத்தான் வந்தார்.

"முழங்கை வலிக்காக மொத்தப் பயணத்தையும் முடிக்கறீங்களா நானா? நாங்க மூணு பேரு நல்லாத்தானே இருக்கோம்?"

"ஆமா" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்தார். நான் சொல்லவில்லை. நீங்களும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். முடிவு எடுத்த பிறகு விளக்கிக்கொண்டே நின்றால் அது முடிவாக இருக்காது, மறுபடியும் பேச்சாகிவிடும். விளக்கத்தைக் கரையில் கொடுக்கலாம்.

ஷாலினி இதற்குள் எழுந்து வந்துவிட்டார். அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: ஆழத்துக்குப் போய் வேகமாக வந்துவிட்டார், கை வலிக்கிறது, ஆபத்தாக மாறாமல் இருக்கத்தான் ஆக்சிஜன். ஏன் போனார் என்று கேட்டார். அதை அவர் சொல்வார் என்றேன். மாஸ்க் போட்ட மனிதர் எப்படிச் சொல்வார் என்று நான் யோசிக்கவில்லை.

படகு வேகம் பிடித்தது. ஷாலினி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, மாஸ்க் நகராமல் கையால் பிடித்துக்கொண்டார். காலையில் அவ்வளவு குமட்டிய பெண், அந்தத் திரும்பும் ஓட்டத்தில் அலைமேல் படகு குதித்தபோது ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. குமரேசன் மாஸ்க்கை விலக்கப் பார்த்தார். பேச வேண்டும். நான் கூடாது என்று கையைக் காட்டினேன். இரண்டாவது தடவையும் விலக்கப் பார்த்தார். பிறகு, வலது கையை மெதுவாகத் தூக்கி, மனைவியின் முகத்துக்கு முன்னால் விரல்களை விரித்துக் காட்டினார்.

ஷாலினி அந்த வெள்ளை வளையத்தைப் பார்த்தார். பின்னால் போய்க்கொண்டிருந்த தீவைப் பார்த்தார். புரிந்துவிட்டது. என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரலில், வகுப்பில் பேசுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"கல்யாணத்தன்னிக்குக் குடத்துக்குள்ள மோதிரம் தேடினப்பவே உங்க கைக்கு மாட்டல. மூணு தடவையும் நான்தான் எடுத்தேன். இவ்வளவு பெரிய கடல்ல மாட்டும்னு இறங்கினீங்களா?"

மாஸ்க்குக்குள் அவர் ஏதோ சொன்னார். அதன் உட்புறம் ஆவி படிந்தது.

"பேசாதீங்க. மூச்சு விடுங்க."

தேவாதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டார். பிறகு அவரும் அண்ணனும் மாறி மாறிக் குமரேசனுக்கு வெயில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், துறை வரைக்கும்.

பாதி வழியில் குமரேசன் விரல் நுனிகளில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று சைகை காட்டினார். அப்போதுதான் எனக்கு நிச்சயமாயிற்று. ஷாலினிக்கும் அது புரிந்தது என்று நினைக்கிறேன். மாஸ்க்கைப் பிடித்திருந்த கை இறுகியது. அவர் உதடு ஏதோ ஒரு சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தது. எனக்குத் தெரிந்த துஆவை நானும் விடாமல் ஓதிக்கொண்டு வந்தேன்.

இறைவன் பெரியவன். ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அழுத்த அறையில் வைத்தார்கள். எறும்பு ஊர்வது முதலில் போனது, முழங்கை வலி பிறகு போனது. நான் அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது குமரேசன் உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். நர்ஸ்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மட்டும் பேச்சு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் கடை முதலாளியிடம் போனேன். இனி நம் படகில் முதல் முக்குளிப்பிலிருந்து கரை ஏறும்வரை ஒருவர் கையிலிருந்தும் வாட்ச் கழலக் கூடாது என்றேன். சாப்பிடும்போதும் கூடாது. கழுவ வேண்டுமென்றால் தளர்த்தி மேலே தள்ளிக் கழுவிக்கொள்ளட்டும். நல்லதண்ணீர் வாளி சாயங்காலம்தான் வெளியே வரும். முக்குளிக்காமல் உட்கார்ந்தவரும் கட்டிக்கொண்டே உட்காரட்டும். முதலாளி, பட்டையில் குழம்பு ஒட்டி நாறுமே என்றார். நாறட்டும் என்றேன். இடது கையில் கட்டச் சொல்லலாமே என்றார். இடது கையில் கட்டியவனும் கை கழுவும் முன் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன், அது பழக்கம், பழக்கத்துக்குத்தான் சட்டம் போட வேண்டும் என்றேன். நான் அவரிடம் அதிகம் எதிர்த்துப் பேசியவன் இல்லை. அன்றைக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன், அவர் சரி என்று சொல்லும்வரை.

வாட்ச் மாறியது தெரியவந்தால், யாருடையது எது என்று துளி சந்தேகம் இருந்தாலும், அன்றைக்கு இருப்பதிலேயே மோசமான கணக்கு எதுவோ அதுதான் எல்லாருடைய கணக்கும். இதையும் அன்றே சேர்த்துக்கொண்டேன். விருந்தாளி முறைப்பார். முறைக்கட்டும். முறைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்துபோவார்.

மழைக்காலம் போய்க் கடல் மறுபடி திறந்தபோது, அந்த நான்கு பேரும் வந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த அனுமதியைக் குமரேசன் நான் கேட்பதற்கு முன்பே நீட்டினார். விரலில் மோதிரம் இல்லை. புதிதாக வாங்கித்தர ஷாலினி மறுத்துவிட்டாராம். அந்த வெள்ளை வளையமே போதும், அது கழன்று விழாது என்று சொன்னாராம். பாறைச் சரிவுப் பக்கம் நாங்கள் போகவில்லை. ஷாலினி அன்றைக்கு மூன்று தடவையும் இறங்கினார். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஆழம் குறைவு. கடைசித் தடவை அந்த விரிகுடாவில்தான். மணல்தானே என்று குமரேசன் சொன்ன அந்த மணலில், கணவனும் மனைவியும் முட்டிபோட்டு உட்கார்ந்து ஒரு சின்ன நண்டு குழி தோண்டுவதைக் காற்று குறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் சாப்பாடு. என் வீட்டில் வேண்டுமென்றே மீன் கறியைக் கெட்டியாக வைத்திருந்தார்கள். குமரேசன் வாட்ச்சோடு பிசைந்தார். குழம்பு மணிக்கட்டு வரை ஏறி, பட்டையின் துளைகளிலெல்லாம் புகுந்தது. ஷாலினி எட்டிப் பார்த்து, நேரத்தை வாசிக்கச் சொன்னார். கண்ணாடியில் குழம்பு ஒட்டியிருந்தது. குமரேசன் அதைக் கட்டைவிரலால் வழித்து நக்கிவிட்டு வாசித்தார்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, பட்டையில் கறி வாசனை அடித்தால் முகம் சுளிக்காதீர்கள். அந்த வாட்ச் காலையிலிருந்து ஒரே ஆளின் கையில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஆனால் சாயங்காலம், கடைசி ஆளும் கரையேறிய பிறகு.